வீட்டை அளந்து மேசை வாங்குவோம்!

*கடையில் கண்ணைப் பறித்த டைனிங் டேபிள், வீட்டுக்கு வந்ததும் வழியை மறிக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த மேசை பொருந்தும்? அதில் யார் யாருக்கு இடம் கிடைக்கும்? ஒரு முழுமையான அலசல்.*

மாலை ஆறு மணி. வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் குட்டி யானை வந்து நிற்கிறது. தார்ப்பாயை விலக்கினால், அட்டையில் பொதிந்த மேசைப் பலகை ஒன்று, ஆறு நாற்காலிகள். பலகை லிஃப்டுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்க்கிறார்கள், நிமிர்த்திப் பார்க்கிறார்கள், பயனில்லை. கடைசியில் இரண்டு இளைஞர்கள் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "அண்ணே, உங்க பக்கம் தூக்குங்க, சுவத்துல இடிக்குது" என்ற குரல் கேட்கிறது.

எட்டு மணிக்கு மேசை ஹாலில் நிற்கிறது. பாலிஷ் மின்னுகிறது. ஆனால் ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறது. சுவரோரம் உட்கார்ந்த தாத்தா கை கழுவப் போக வேண்டுமானால், மருமகளும் பேரனும் முதலில் எழுந்து வழிவிட வேண்டும். "இவ்ளோ பெருசு எதுக்குப்பா?" என்கிறார் பாட்டி. "நாலு பேர் விருந்தாளி வந்தா வேணுமேம்மா" என்கிறார் மகன்.

ஒரு மாதம் போகட்டும். மேசை சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். இரண்டு நாற்காலிகள் பால்கனிக்குப் போய்விடும். மேசைமேல் இஸ்திரி போட வேண்டிய துணி, தாத்தாவின் மாத்திரை டப்பா, கரண்ட் பில், பள்ளிக்கூடப் பை எல்லாம் குடியேறிவிடும். வீட்டார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடுவார்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊர் அடுக்குமாடியிலும் இதைப் பார்க்கலாம்.

புது வீடு கட்டினாலும் வாடகை வீடு மாறினாலும், சோபாவுக்கு அடுத்து குடும்பத்தில் நீண்ட விவாதத்தைக் கிளப்புவது டைனிங் டேபிள்தான். முழங்கால் வலியோடு வாழும் பெற்றோர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள், சதுர அடிக்குச் சதுர அடி விலை ஏறும் நகரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த விவாதத்துக்குக் கனம் கூட்டியிருக்கின்றன. ஆனால் பேச்சு பெரும்பாலும் நிறத்திலும் விலையிலும் முடிந்துவிடுகிறது. இடம், ஆட்கள், உணவு என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே போகின்றன. அவற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

பந்தி சுருண்டுகொள்ளும், மேசை நிற்கும்

நம் பழைய வீடுகளில் சாப்பாட்டுக்கென்று நிரந்தரமாக ஒரு பொருள் இடத்தைப் பிடித்துக்கொண்டதில்லை. கூடத்தில் பாயோ மணையோ போட்டால் அது சாப்பாட்டு அறை. இலையை எடுத்துத் துடைத்துவிட்டால் அதே இடம் படுக்கையறை. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு தாண்டி இரண்டாம் கட்டில் நீண்ட பந்திக்கூடங்கள் உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்தக் கூடங்களும், விசேஷம் முடிந்தால் வெறும் தரைதான்.

மேசை அப்படியில்லை. காலையில் 20 நிமிடம், இரவில் 30 நிமிடம் பயன்படும் அது, மீதி நேரம் முழுக்க அங்கேயே நிற்கும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

> பெட்டிச் செய்தி: மேசை வந்த பாதை
>
> ● 1800: இங்கிலாந்தின் லங்காஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் கில்லோ, இழுத்து நீட்டும் சாப்பாட்டு மேசைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் விற்கும் 'எக்ஸ்டெண்டபிள்' மேசைகளுக்கு அது ஒரு முன்னோடி.
>
> ● 1835: ராபர்ட் ஜூப், சுழற்றினால் விரியும் வட்ட மேசைக்குக் காப்புரிமை பெற்றார். விரியும்போது உண்டாகும் இடைவெளியில் கூடுதல் பலகைகளைப் பொருத்தலாம்.
>
> ● 1955: ஜப்பானில் வீட்டுவசதிக் கழகம் தொடங்கப்பட்டது. தரையில் அமர்ந்து உண்டு பழகிய மக்களுக்குச் சமையலறையோடு இணைந்த சாப்பாட்டு இடத்தை அதன் சிறு அடுக்குமாடி வீடுகள் அறிமுகப்படுத்தின. தொடக்ககால வீடுகள் சிலவற்றில் மேசையையும் கழகமே போட்டுக் கொடுத்தது.
>
> ● 1957: ஈரோ சாரினென் வடிவமைத்த ஒற்றைத் தண்டு மேசை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நான்கு கால்களின் இடைஞ்சலை ஒரே காலாகச் சுருக்கிய வடிவம் அது.
>
> ● 1969: வியட்நாம் போரை நிறுத்தப் பாரிஸில் கூடியவர்கள், மேசையின் வடிவம் பற்றிய தகராறை அந்த ஆண்டு ஜனவரியில்தான் தீர்த்தார்கள். யார் யாருக்குச் சமம் என்பதை மேசை காட்டிவிடும் என்ற அச்சமே காரணம். கடைசியில் வட்ட மேசைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மேசைக்கு ஒரு விலை, இடத்துக்கு ஒரு விலை

ஐந்துக்கு மூன்றடி மேசை என்றால் 15 சதுர அடிதான் என்று நினைக்கிறோம். ஆனால் நாற்காலியை இழுக்க வேண்டும், உட்கார வேண்டும், எழ வேண்டும். நான்கு பக்கமும் மூன்றடி விட்டால் அந்த மேசைக்கு 11 அடி நீளமும் 9 அடி அகலமும் தேவை. அதாவது 99 சதுர அடி. 800 சதுர அடி வீட்டில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேசை எந்த விலைக்கு வந்தாலும் அது நிற்கும் இடத்தின் விலை ஏறத்தாழ ஏழு லட்சம் ரூபாய்.

கடையில் இந்தக் கணக்கு தெரியாது. அங்கே கூரை உயரம், சுவர்கள் தூரத்தில், வெளிச்சம் தாராளம். எட்டுப் பேர் மேசைகூடச் சின்னதாகத் தெரியும். அதே மேசை பத்தடி அகல ஹாலுக்குள் வரும்போதுதான் உண்மை புரியும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நான்கு பேருக்கு, நாலுக்கு மூன்றடிச் செவ்வக மேசை போட்டால் சுற்று வழியோடு 90 சதுர அடி வேண்டும். மூன்றரை அடி வட்ட மேசைக்குச் சுமார் 71 சதுர அடி போதும். மூலைகள் மிச்சமாவதால் நடக்கவும் வழி கிடைக்கும். இரண்டரை அடி அகலமுள்ள நாலடி மேசையின் நீளப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துவிட்டால் 55 சதுர அடியில் வேலை முடியும். தினமும் மூன்று பேர் உட்காரலாம். நான்காமவர் வரும்போது மேசையை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

> பெட்டிச் செய்தி: அளவு நாடா சொல்வது
>
> ● மேசை உயரம்: 29 முதல் 30 அங்குலம்
>
> ● நாற்காலி இருக்கையின் உயரம்: 17 முதல் 18 அங்குலம்
>
> ● இருக்கைக்கும் மேசைக்கும் இடைவெளி: 10 முதல் 12 அங்குலம்
>
> ● ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட: 24 அங்குல அகலம்
>
> ● நாற்காலியை இழுத்து எழ: மேசை விளிம்பிலிருந்து குறைந்தது 30 அங்குலம், வசதியாக எழ 36 அங்குலம்
>
> ● நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் நடந்து போவதாக இருந்தால்: 42 அங்குலத்துக்கு மேல்
>
> ● நான்கு பேருக்கு: 4 × 3 அடி செவ்வகம் அல்லது மூன்றரை அடி வட்டம்
>
> ● ஆறு பேருக்கு: 5 × 3 அல்லது 6 × 3 அடி செவ்வகம், நாலரை முதல் ஐந்தடி வட்டம்
>
> ● எட்டுப் பேருக்கு: 7 முதல் 8 அடி நீளம், மூன்றரை அடி அகலம்

வீட்டுக்கு வீடு வேறு மேசை

*ஒற்றைப் படுக்கையறை, வாடகை வீடு:* இங்கே நிரந்தர மேசையே வேண்டாம். இருபுறமும் பலகை தொங்கும் மடிப்பு மேசை நல்ல தேர்வு. மடித்தால் ஓர் அடி அகலத்தில் சுவரோரம் நின்றுகொள்ளும், ஒரு பக்கம் விரித்தால் இருவருக்கு, இரு பக்கமும் விரித்தால் நால்வருக்கு. சுவரில் கீல் வைத்து மடக்கும் மேசை இன்னும் குறைந்த இடம் பிடிக்கும், ஆனால் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், கால்களைத் திருகிக் கழற்றக்கூடிய மேசையை மட்டுமே வாங்க வேண்டும். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் மேசையின் ஆயுள் மூட்டுகளில்தான் குறைகிறது. துகள் பலகையில் ஏறிய திருகாணியை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். உலோகப் புரியுள்ள போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

*நீள ஹால் உள்ள இரு படுக்கையறை வீடு:* தமிழ்நாட்டு அடுக்குமாடிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். வாசலில் சோபா, உள்ளே சமையலறை ஓரம் சாப்பாட்டு இடம், நடுவில் படுக்கையறைகளுக்குப் போகும் வழி. இந்த ஹாலுக்குச் செவ்வக மேசை பொருந்தும். சுவர்ப் பக்கம் முதுகில்லாத பெஞ்சு போட்டால், சாப்பிடாத நேரத்தில் அது மேசைக்கு அடியில் போய்விடும். குழந்தைகள் மூன்று பேர்கூட நெருக்கி உட்காரலாம். ஆனால் வயதானவரை அந்தப் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். சாயவும் முடியாது, ஊன்றி எழவும் பிடி கிடையாது.

*சதுர மூலையும் திறந்த சமையலறையும்:* ஒற்றைத் தண்டில் நிற்கும் வட்ட மேசை இங்கே அழகு. யார் முழங்காலிலும் மேசைக்கால் இடிக்காது. திடீரென்று ஒருவர் கூடினால் எல்லோரும் சற்று நகர்ந்து இடம் கொடுக்கலாம். ஆனால் அடித்தட்டு கனமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். விளிம்பை ஊன்றி எழுகிறவர்கள் இருக்கும் வீட்டில், லேசான ஒற்றைத் தண்டு மேசை கவிழக்கூடும்.

*தனி வீடு:* ஆறு அல்லது எட்டுப் பேர் மேசைக்கு இடம் இருக்கும். தினமும் மூன்று பேர்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால், எட்டடி மேசையின் ஒரு முனையில் மூவர் ஒதுங்கி உட்கார்வதுதான் மிஞ்சும். நாலடியிலிருந்து ஆறடிக்கு நீளும் மேசை அந்த வீட்டுக்குச் சரி. நீட்டும் பலகையை ஒருவரே இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். இரண்டு பேர் வேண்டும் என்றால் அது நீட்டப்படாமலே கிடக்கும்.

*முற்றமும் தூணும் உள்ள பழைய வீடு:* ஆத்தங்குடித் தரையும் தேக்குத் தூணும் இருக்கும் கூடத்துக்குக் கண்ணாடியும் குரோமியமும் ஒட்டாது. அங்கே நீளமான மர மேசைதான் பொருந்தும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடுகளிலிருந்து வந்த மரச் சாமான்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது உளுத்த துளைகளும் மரத்தூளும் இருக்கின்றனவா என்று அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள்.

எந்த வீடானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: மின்விசிறி. அடுக்குமாடிகளில் சாப்பாட்டுப் பகுதி பெரும்பாலும் ஜன்னல் இல்லாத நடுப்பகுதியில் வருகிறது. அந்தக் கூரையில் விசிறிக்குக் கொக்கி இருக்காது. சித்திரை வெயிலில் அங்கே சுடச்சுட ரசம் சாப்பிட யாரும் உட்கார மாட்டார்கள். கட்டும்போதே கேட்டு வாங்குங்கள், அல்லது சுவர் விசிறிக்கு இணைப்பு எடுங்கள். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு ஆசை இருந்தால், பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில் வரட்டும். விசிறியின் இறக்கைக்கு மேல் விளக்கு இருந்தால் தட்டில் நிழல் ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வாஷ்பேசின். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். எச்சில் கையோடு எழுந்து போக வேண்டும். நாற்காலியை இடது கையால் தள்ளி, யாரையும் எழுப்பாமல், சுவரைத் தொடாமல் பேசின் வரை போக வழி வேண்டும். வெளிநாட்டு அட்டவணைகளில் காணாத இந்த ஒரு தேவைக்காகவே, நம் வீடுகளில் நாற்காலிக்குப் பின்னால் தாராளமாக இடம் விட வேண்டியிருக்கிறது. தூக்க முடியாத கனத்தில் நாற்காலி வாங்குவதும், துணி உறை போட்ட இருக்கை வாங்குவதும் இதே காரணத்தால் தவறு. துடைத்தால் போகும் இருக்கையே நமக்கு ஏற்றது.

சமைத்தவரும் உட்காரும் அகலம்

மேசை வாங்குவதில் பலரும் கவனிக்காத அளவு, அகலம். அந்த அளவுதான் ஒரு குடும்பத்தின் பழக்கத்தையே மாற்றுகிறது.

இரண்டரை அடி அகல மேசையில் எதிரெதிரே இரண்டு தட்டுகள் வைத்தால், தட்டுக்கு ஓரடி போக நடுவில் மிஞ்சுவது ஆறு அங்குலம். ஒரு தண்ணீர்ச் சொம்பு வைக்கலாம், சாம்பார் பாத்திரம் வைக்க முடியாது. குழம்பும் சோறும் சமையலறை மேடையிலேயே இருக்கும். அப்படியானால் ஒருவர் நின்று பரிமாற வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறிய சோற்றை அவர் தனியாகச் சாப்பிடுவார்.

மூன்றடி அகலம் என்றால் நடுவில் ஓரடி கிடைக்கிறது. சோற்றுப் பாத்திரம், குழம்பு, பொரியல், மோர் எல்லாம் வரிசையாக மேசைக்கே வந்துவிடும். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சமைத்தவருக்கும் நாற்காலி கிடைக்கும். நாலடி வட்ட மேசையில் நடுவில் இதைவிட அதிக இடம் உண்டு. மூன்றடி அகலத்துக்கு வழியே இல்லாத வீட்டில், மேசையை ஒட்டிச் சக்கரம் வைத்த சிறு தட்டு வண்டி ஒன்றோ, சுவரில் ஓரடிப் பலகை ஒன்றோ போதும். பாத்திரங்கள் அங்கே இருக்கட்டும், உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும்.

ஆறு அங்குலத்தில் ஒரு பெண்ணின் அன்றாடச் சாப்பாடு மாறிவிடும் என்றால், அந்த ஆறு அங்குலத்துக்காக ஹாலில் வேறு எதையும் குறைத்துக்கொள்ளலாம்.

தலைவாழை இலைக்கு ஆறு பேர் மேசை போதுமா?

பொங்கல், தீபாவளி, திதி, பிறந்தநாள் என்று எந்த விசேஷமானாலும் இலை வந்துவிடும். முழுச் சாப்பாட்டுக்கான நுனி இலை இரண்டடி நீளத்தைத் தொடும். ஆறு பேர் மேசை என்று விற்கப்படும் ஐந்தடி மேசையில், நீளப் பக்கத்துக்கு இருவர் என்று நான்கு இலை போடலாம். இரண்டு முனையிலும் இலை போட்டால் பக்கத்து இலையோடு மோதும். ஆக, தட்டுக்கு ஆறு பேர் மேசை, இலைக்கு நாலு பேர் மேசைதான். வட்ட மேசையில் சிக்கல் இன்னும் அதிகம், ஏனென்றால் இலை வளையாது.

கல்யாண மண்டபங்கள் இதற்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டன. குறுகலான நீள மேசை, ஒரு பக்கம் மட்டும் ஆட்கள், எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர்கள். வீட்டில் விசேஷம் அடிக்கடி நடக்கிறது என்றால் அதே வகை மடக்கு மேசை ஒன்றிரண்டை வாங்கிக் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு நான்கு நாள் விருந்துக்காக 361 நாள் ஹாலை அடைப்பது தேவையில்லை.

பெரியவர்களுக்கு நாற்காலி முக்கியம்

பல வீடுகளுக்கு மேசை வந்ததற்கே காரணம் அப்பாவின் முழங்கால், அம்மாவின் இடுப்பு. அப்படியிருக்க, வாங்கும்போது அவர்களைக் கடைக்கு அழைத்துப் போவதில்லை. மேசையைவிட நாற்காலிதான் அவர்களுக்கு முக்கியம். இருபுறமும் கைப்பிடி வேண்டும், ஊன்றி எழுவதற்கு. கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் அவர் தட்டிலிருந்து தள்ளியே உட்கார நேரும். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் எழுவது சிரமம், உயரமானால் பாதம் தரையில் படாது. 17, 18 அங்குலம் பொதுவான அளவு. உயரம் குறைந்த பாட்டிக்குக் காலடியில் ஒரு மணைப் பலகை போட்டால் போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டில் இருந்தால், மேசைச் சட்டத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து குறைந்தது 27 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கால் உள்ளே போகும். பலகைக்கு அடியில் அலங்காரச் சட்டம் தொங்கும் மேசைகள் இதற்கு உதவாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டிலும், கண் பார்வை மங்கியவர் இருக்கும் வீட்டிலும் கூர்மையான மூலைகள் வேண்டாம்.

தரையில் உட்கார முடிகிறவர்கள் தரையிலேயே சாப்பிட விரும்பினால் அதற்கும் இடம் விடுங்கள். மேசை வந்துவிட்டது என்பதற்காகச் சம்மணம் போகத் தேவையில்லை.

புளிக்கும் மஞ்சளுக்கும் தாங்குமா?

நம் சமையல் மேசைக்குக் கடுமையான சோதனை. புளி, எலுமிச்சை, மஞ்சள், நல்லெண்ணெய், அடுப்பிலிருந்து நேராக வரும் குக்கர் என்று எல்லாமே மேசைமேல் வந்து இறங்கும். அதோடு கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகை ஈரம், கரையான். படத்தில் அழகாகத் தெரியும் மேசை இவற்றை எல்லாம் தாங்குமா என்பதே கேள்வி.

வெள்ளைப் பளிங்கு மேசை இப்போது பலருக்கும் ஆசை. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். ரசத்தில் உள்ள புளியின் அமிலம் பட்டால் அது கரைந்து, பளபளப்பு போன வட்டமாக நிற்கும். துடைத்தால் போகாது, திரும்பப் பாலிஷ் போட வேண்டும். கிரானைட்டுக்கு இந்தப் பயம் இல்லை. ஆனால் 18 மில்லிமீட்டர் தடிமனில் ஐந்துக்கு மூன்றடி கிரானைட் பலகை 65 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தாங்கும் கால்கள் வேண்டும், நகர்த்த நாலு பேர் வேண்டும்.

மஞ்சள் கறை இன்னொரு தொல்லை. பாலிஷ் ஏறாத மரத்திலும் வெளிர்நிறக் கல்லிலும் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும். சோப்புப் போட்டால் சிவக்கும். சூரிய வெளிச்சம்தான் அதை மங்கச் செய்யும். மேசையை வெயிலில் போட முடியாது, விரிப்பைப் போடலாம். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்யும் கோரைப் பாய்களில் மேசை விரிப்பும் கிடைக்கிறது. சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை வைத்தால் பாலிஷில் வெள்ளை வட்டம் விழாது.

மழைநீரைப் பற்றியும் பேச வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. துகள் பலகை, எம்டிஎஃப் சாமான்கள் நீரில் ஊறினால் உப்பி உதிர்ந்துவிடும். திட மரமும் உலோகமும் கழுவிக் காய வைத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். தண்ணீர் தேங்கும் பகுதியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் விலை மலிவு என்று எம்டிஎஃப் மேசை வாங்குவது கடைசியில் நஷ்டம். வெள்ளம் வராவிட்டாலும் தினசரி ஈரத் துடைப்பம் மேசைக்காலின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கால்களுக்கு ரப்பர் புஷ் போடுவது சின்னச் செலவு, பெரிய பாதுகாப்பு.

> பெட்டிச் செய்தி: எந்தப் பொருள் எதற்கு?
>
> ● தேக்கு: இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் எளிதில் அண்டாது. விலை அதிகம், தலைமுறை தாண்டும்.
>
> ● ரப்பர் மரம்: பால் வடிப்பது குறைந்த பிறகு வெட்டப்படும் மரம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விளைகிறது. வெளிர் நிறம், நடுத்தர விலை. மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் பூச்சி அரிக்கும்.
>
> ● மாமரம்: அழகான ரேகை, குறைந்த விலை. இதற்கும் பதப்படுத்தல் அவசியம்.
>
> ● எம்டிஎஃப், துகள் பலகை: குறைந்த விலை. ஈரம் ஆகாது. விளிம்பு ஒட்டு பிரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
>
> ● கண்ணாடி: சிறிய அறையை அகலமாகக் காட்டும். கடினமாக்கப்பட்ட கண்ணாடியாக இருக்க வேண்டும். அது உடைந்தாலும் சிறு துகள்களாகவே உதிரும். கை ரேகையும் எண்ணெயும் உடனே தெரியும்.
>
> ● இரும்புக் கால்கள்: உறுதியானவை. கடலோர ஊர்களில் பூச்சு உரிந்தால் துரு பிடிக்கும்.

சாப்பாட்டு மேசையே அலுவலகமா?

2020 ஊரடங்குக்குப் பிறகு இந்த மேசைக்கு இரண்டாவது வேலை வந்துவிட்டது. பகலில் மடிக்கணினி, மாலையில் வீட்டுப்பாடம். தவறில்லை, இடம் குறைந்த வீட்டில் ஒரே மேசை இரண்டுக்கும் பயன்படுவது நல்லதுதான். ஆனால் மேசை காலியாகாத வீட்டில் சாப்பாடு மெல்ல மெல்ல டிவி முன்னால் போய்விடுகிறது.

மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் ஓர் அலமாரித் தட்டு வைப்பதுதான் வழி. மடிக்கணினி, புத்தகம், மாத்திரை, பில் எல்லாம் இரவு எட்டு மணிக்கு அதற்குள் போக வேண்டும். சுவரில் மின்சார இணைப்பு இருந்தால் வயர் காலில் தடுக்காது. மாத்திரை டப்பாவுக்கு நிரந்தரமாக ஓர் இடம் கொடுங்கள், மேசை பாதி காலியாகிவிடும்.

> பெட்டிச் செய்தி: கடைக்குப் போகும் முன்
>
> ● வாங்க நினைக்கும் மேசையின் அளவைக் கோலமாவால் தரையில் வரையுங்கள். நாற்காலிகளுக்கும் கோடு போடுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள்.
>
> ● ஃப்ரிட்ஜ், அறைக் கதவு, அலமாரி எல்லாம் முழுதாகத் திறக்கின்றனவா என்று சோதியுங்கள்.
>
> ● லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசற்கதவு மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.
>
> ● கடையில் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். திட மரமா, மேலே ஒட்டிய மெல்லிய தோலா என்பது அடிப்பக்கத்தில் தெரியும்.
>
> ● ஒரு மூலையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.
>
> ● வீட்டில் மூத்தவரைக் கடை நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வைத்து, எழச் சொல்லிப் பாருங்கள்.

எதை முதலில் முடிவு செய்வது?

முதலில் ஆட்கள். தினமும் எத்தனை பேர் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்களோ, அந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மேசை. விருந்தாளிகளுக்கு மடக்கு மேசையும் தரையும் இருக்கின்றன. அடுத்தது இடம். சுற்றிலும் மூன்றடி விட முடியாவிட்டால் அளவைக் குறையுங்கள், வடிவத்தை மாற்றுங்கள், சுவரோடு சேருங்கள். மூன்றாவது பொருள். உங்கள் சமையலுக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும் தாங்குவதை வாங்குங்கள். நிறமும் பாணியும் நான்காவதாக வரட்டும். முதல் மூன்றும் சரியாக அமைந்த மேசை எந்த நிறத்திலும் அழகாகவே இருக்கும்.

பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மேசையில் சமைத்தவரும் நம்மோடு உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால், அது எவ்வளவு அழகான மேசையானாலும் உங்கள் வீட்டுக்கானது இல்லை.